டோக்கன் கொடுப்பவள்

ஷோபாவின் சிரிப்பு கம்பெனி கேட்டிலிருந்து உள்ளே வரை கேட்டது. யமுனாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. தன் புருஷன் தமிழரசுவின் டிராக்டர் பழ லோடோடு வந்து சேரும் நேரம் அது.

சித்தூர் ரோட்டில் மாம்பழக் கூழ் கம்பெனி வந்ததிலிருந்து பாலசமுத்திரத்தில் பலருக்கு அங்கேதான் பிழைப்பு. டின்னில் அடைத்த கூழ் துபாய்க்குப் போனது. யமுனா மேடையில் பழம் பிரிப்பவள். அழுத்திப் பார்த்து அழுகலைத் தள்ளுவாள்; யாரோடும் பேசமாட்டாள். திருப்பதியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு வேலை பார்த்துப் பழகிய ஷோபாவுக்கு, பழ லோடு கொண்டு வருகிறவர்களுக்குக் கேட்டில் வரிசை டோக்கன் கொடுக்கும் வேலை. கிழவர்களிடமும் அவள் அப்படித்தான் சிரித்தாள். அது யமுனாவின் புத்தியில் ஏறவில்லை.

"சார், என்னைக் கேட்டுல போடுங்க" என்றாள் மேனேஜர் ஹரிபிரசாத்திடம்.

"நீ அமைதியா வேலை செய்ற ஆளும்மா. அங்க நாள் பூரா கத்தணும்."

"கத்துறேன் சார். ஷோபா மட்டும் பொறக்கும்போதே டோக்கனோட பொறந்தாளா?"

அவர் அரை மனதாக இருவரையும் மாற்றிப் போட்டார்.

கேட்டில் தெலுங்கில் ஒருவன் கத்தினான், தமிழில் ஒருவன், நடுவில் ஹாரன். முதல் நாளே யமுனாவின் தொண்டை கட்டியது. மறுநாள் தமிழரசு வரிசையைத் தாண்டி டிராக்டரை நேராக முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஏமம்மா, மொகுடிகி மொதல் டோக்கனா?" என்று பின்னாலிருந்து தெலுங்கில் ஒரு குரல், புருஷனுக்குத்தான் முதல் டோக்கனா என்று. எல்லோரும் சிரித்தார்கள்.

"பின்னாடி போ" என்றாள் யமுனா.

"பொண்டாட்டி கீற கேட்டுல நான் கியூல நிக்கணுமா?" அவன் முகம் தொங்கியது. அன்று வீட்டில் அவன் சாப்பிடவில்லை. அவளாலும் சாப்பிட முடியவில்லை. தலைக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அவள் டோக்கனை மாற்றிக் கொடுத்ததில் இரண்டு டிரைவர்களுக்குள் அடிதடி ஆனது.

உள்ளே ஷோபா வாடிப் போயிருந்தாள். "பழத்தோட இன்னா பேசறது?" என்று பக்கத்து மேடைகளுக்குப் பேசப் போனாள். அவள் தள்ள மறந்த அழுகலால் ஒரு லோடு கூழ் கெட்டது.

யமுனா மேனேஜர் முன்னால் போய் நின்றாள். "எனக்கு மேடை வேலையே போதும் சார்."

"நான் அப்பவே சொன்னேன்ல?"

"ஆனா ஜன்னலோர மேடை வேணும்."

"வெளிச்சத்துக்கா?"

"ஆமா சார்."

ஷோபா மறுபடி கேட்டுக்குப் போனாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட் நேராகத் தெரிந்தது. மதியம் தமிழரசுவின் டிராக்டர் வந்தது, வழக்கம்போல வரிசையைத் தாண்டி. ஷோபா சிரித்துக்கொண்டே கையைக் காட்டினாள். "அண்ணா, கடைசிக்குப் போ."

அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, மறுபேச்சில்லாமல் கடைசிக்குப் போனான்.

யமுனாவின் கண் கேட்டை விட்டு நகரவில்லை. கை அது பாட்டுக்குப் பழத்தை அழுத்திப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தது. அன்று ஒரு அழுகல்கூட அவளைத் தாண்டிப் போகவில்லை.