ஓரத்துச் சிப்பாய்

யாசெப்புக்கு மின்ஸ்க் நகரத்துச் சதுரங்கச் சாம்பியன் என்று பெயர்தான். ஆடக் கூப்பிட்ட கர்னல் சவேலியெவ் எதிரே உட்கார்ந்ததும் ஜெயிக்கவே பயமாக இருந்தது. இருக்காதா பின்னே? தம்பி மிகாஸ் நான்கு மாதமாக இந்தக் கர்னலின் காவலில் கிடக்கிறான். தலைவர் படம் போட்ட சுவரொட்டியைப் பக்கத்து அறைக்காரன் கிழித்தானாம். மிகாஸ் அதைப் பார்த்துவிட்டு மறைக்கிறான் என்று சந்தேகம். இவர் மனது வைத்தால் இன்றைக்கே வீட்டுக்கு விடலாம்.

"பேசாம தோத்துட்டு வா, யாசெப். உன் கெட்டிக்காரத்தனத்தையெல்லாம் அங்க காட்டித் தொலைக்காதே" என்று மனைவி ஸ்தெஃபா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

"அந்த ஓரத்துச் சிப்பாய்க் கோமாளித்தனம் உன்னோடதுதானே? அதையே ஆடு, பாப்போம்" என்றார் கர்னல், தேநீரை உறிஞ்சியபடி.

மறுக்க முடியுமா? இடது ஓரத்திலிருந்து இரண்டாவது சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். ஊரே நடுக்கட்டங்களுக்கு மல்லுக்கட்டும். இவன் ஓரத்தைக் கொடுத்து நடுவைப் பிடுங்குகிறவன். சிப்பாய் விலகிய சந்தில் மந்திரி வந்து உட்கார்ந்தால், சாய்வாக எதிர் மூலைவரை அதன் குறி நீளும்.

கர்னல் நடுச் சிப்பாயைத் தள்ளினார். மந்திரி சந்துக்கு வந்தது. அவர் ஓரத்துச் சிப்பாயை வெட்டினார். இவன் மந்திரி நடுச் சிப்பாயை வெட்டியது. இனி குறுக்கே நிற்கும் ஒரே ஒரு சிப்பாயையும் வெட்டிவிட்டால், மூலையில் நிற்கும் கர்னலின் யானை தப்பவே முடியாது. அவர் தடுத்தாக வேண்டும். மனுஷன் வேறெங்கோ ஒரு சிப்பாயை நகர்த்திவிட்டு மீசையைத் தடவினார்.

அட கடவுளே! வெட்டினால் இவர் முகம் என்ன ஆகும்? மிகாஸ் என்ன ஆவான்? யாசெப்பின் கை மந்திரிவரை போய்த் திரும்பி, ஒன்றுக்கும் உதவாத ஒரு குதிரையை எடுத்து வைத்தது.

"யானை சும்மா கிடந்துச்சே. பாக்கலையா?"

"பாக்கல, தோழர் கர்னல். சத்தியமா கண்ணுல படல."

கர்னல் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தார். குரலில் கோபமே இல்லை.

"வேணும்னுதான் விட்டேன். உன் தம்பியும் நாலு மாசமா இதையேதான் சொல்றான். பாக்கல, கண்ணுல படலன்னு. பாவம், நெசமாத்தான் இருக்கும்னு இன்னிக்கு அவனை விட்டுடலாம்னு இருந்தேன்."

தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"குடும்பத்துக்கே இது பழக்கம்போல."