நான்கு முனைகள்

துணி தேய்க்கும் உருளையிலிருந்து விரிப்பு ஆவி பறக்க வெளியே வந்தது. கொக்கு இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டாள். எதிரே வாத்து மற்ற இரண்டைப் பிடித்தாள். இருவரும் பின்னால் நகர்ந்து, துணி விறைத்ததும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஓர் உதறு உதற வேண்டும். கொக்கு தூக்கினாள். வாத்தின் இடது கை மேலே போயிற்று. வலது கை தோளோடு நின்றுவிட்டது. பிடித்திருந்த முனை நழுவி, தேய்த்து வந்த வெள்ளை விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது.

கொக்கு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். சூப்பர்வைசர் அந்தக் கோடியில் துவைக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விழுந்த விரிப்பைக் காலாலேயே சுருட்டி அழுக்குக் கூடைக்குள் தள்ளிவிட்டு, அடுத்ததைப் பிடித்தாள்.

"என்ன சம்பந்தி, கை தூங்குதா?"

"ஒண்ணுமில்ல. பிடிங்க."

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது அந்தச் சலவைக்கூடம். மேலே உள்ள வார்டுகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் இங்கேதான் துவைத்து, பிழிந்து, உருளையில் உலர்ந்து, மடித்துத் திரும்பப் போகும். ஜன்னல் கிடையாது. பிளீச்சிங் வாடையும் வெந்நீர்க் குழாய்களின் புழுக்கமும்தான் காற்று. உருளையின் முன்னால் நிற்கும் இருவரில் நெட்டையாக இருந்தவளைக் கொக்கு என்பார்கள். குட்டையாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து நடப்பவள் வாத்து. யார் வைத்த பெயர் என்று யாருக்கும் ஞாபகமில்லை. அவர்களும் கோபித்துக்கொள்வதில்லை.

பல வருஷம் நெருங்கியும் விலகியும் விரிப்பு மடித்ததில், கொக்கின் மகளுக்கும் வாத்தின் மகனுக்கும் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். முழுப் பேச்சும் உருளையின் முன்னால்தான் நடந்தது. முனைகளைச் சேர்க்க நெருங்கி வரும்போது கேள்வி. விலகிப் போய் மறுபடி நெருங்கும்போது பதில். அதுவரை "வாடி, போடி" என்றவர்கள் கல்யாணம் ஆனதும் "வாங்க, போங்க" என்று மாறினார்கள். கோபம் வந்தால் மட்டும் பழைய "நீ" எட்டிப் பார்க்கும்.

தேநீர் இடைவேளையில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்ததும் கொக்கு பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"இன்னிக்குத்தான்…"

"பொய் சொல்லாதே. என் பொண்ணு எல்லாம் சொல்லிட்டா. தலை சீவ முடியலை, பின்பக்கம் கொக்கி மாட்ட முடியலை, எல்லாம் அவதான் பண்ணி விடறாளாமே. என்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவகிட்டச் சத்தியம் வேற வாங்கியிருக்கே."

வாத்து டம்ளரை இடது கையால் பிடித்து ஊதினாள்.

"நல்ல மருமக. சத்தியத்தை ஒரு வாரம்கூடக் காப்பாத்தலை."

"என் பொண்ணுதானே. வாய் என்னை மாதிரி."

சிரிப்பு வந்தது, நிலைக்கவில்லை. போன வருஷம் இதே கூடத்தில் கூடை தூக்கியவள் ஒருத்தி முதுகு பிடித்துக்கொண்டது என்று சொன்னாள். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கம்மா, கூப்பிடறோம்" என்று அனுப்பினார்கள். கூப்பிடவே இல்லை. எல்லோரும் காண்ட்ராக்ட் ஆட்கள். யாரையும் நிறுத்தத் தேவையில்லை, கூப்பிடாமல் இருந்தால் போதும்.

மறுநாள் வேலை முடிந்ததும் கொக்கு அவளை இழுத்துக்கொண்டு மேலே போனாள். தாங்கள் மடித்த விரிப்புகள் கிடந்த வார்டுகளைத் தாண்டி, வெளிநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையில் மற்றவர்களைப் போலவே நின்றார்கள். எலும்பு டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்து, தோள் இறுகிவிட்டது என்றார். பயிற்சி கொடுக்கும் அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"சுவரைப் பாத்து நில்லுங்கம்மா. விரலை எறும்பு மாதிரி மெதுவா மேல ஏத்துங்க. வலிக்கிற இடத்துல நிறுத்துங்க. தினம் பண்ணணும். குணமாக ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் கையை மேல தூக்குற வேலை எதுவும் வேண்டாம்."

வெளியே வந்ததும் கொக்கு சொன்னாள்: "எறும்பு ஊரக் கல்லும் தேயும்பாங்க. நமக்குக் கல் தேய வேண்டாம். தோள் அசைஞ்சா போதும்."

"தூக்குற வேலை வேண்டாமாம், சம்பந்தி. சொல்லுது பாருங்க, பாவம்."

"சின்னப் பொண்ணு. நம்ம உருளையைப் பாத்ததில்லை."

முதலில் இடம் மாறிப் பார்த்தார்கள். பயனில்லை, எந்தப் பக்கம் நின்றாலும் உதற இரண்டு கையும் வேண்டியிருந்தது. பிறகு வாத்துக்குச் சமமாகக் கொக்கு குனிந்து, இடுப்பு மட்டத்திலேயே மடித்துப் பார்த்தார்கள். துணியின் நடுப்பகுதி தொய்ந்து தரையைத் துடைத்தது. மூன்றாம் நாள் கொக்கால் நிமிர முடியவில்லை.

"விடுங்க சம்பந்தி. எனக்குக் கைதான் போச்சு. உங்களுக்கு இடுப்பும் போச்சுன்னா நம்ம பிள்ளைங்க ரெண்டு கிழத்தையும் தூக்கிச் சுமக்கணும்."

"நீ கொஞ்சம் சும்மா இரு."

அந்த "நீ"யைக் கேட்டதும் வாத்து வாயை மூடிக்கொண்டாள்.

வழி கண்டுபிடித்தது வாத்துதான். தேநீர் குடிக்கும் மாடிப்படியின் கீழ் உடைந்த சாமான்கள் குவிந்திருந்தன. அவற்றில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் பழைய ஸ்ட்ரெச்சர் ஒன்றும் கிடந்தது. ஒரு சக்கரம் கோணல், பக்கக் கம்பி ஒன்றுதான் மிச்சம். கையில் டம்ளரோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"நாம எதுக்குத் துணியைத் தூக்கணும்? துணி படுத்துக்கட்டுமே."

சூப்பர்வைசர் "என்னமோ பண்ணுங்க, வேலை நிக்கக் கூடாது" என்றார். இருவரும் அதை இழுத்து வந்தார்கள். கோணல் சக்கரம் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பக்கம் ஓடியது.

"அடிமேல் அடி வெச்சா அம்மியும் நகரும், சம்பந்தி."

"அம்மி நகர்ந்துடும். இந்தச் சனியன் நகராது. தள்ளுங்க."

உருளையின் வாயில் அதை நிறுத்தி, விரிப்பு நேராக அதன்மேல் வழிந்து வரும்படி வைத்தார்கள். முதல் வாரம் பெரும் அவதி. உயரம் சரியில்லை, ஸ்ட்ரெச்சரின் கால்களுக்கு அடியில் பலகைத் துண்டுகள் வைத்தார்கள். துணி ஒரு பக்கமாகச் சரிந்தது, மடிப்பில் சுருக்கம் விழுந்தது. மற்ற பெண்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன வாத்தக்கா, பெட்ஷீட்டுக்கு என்ன வியாதி? ஸ்ட்ரெச்சர்ல போட்டிருக்கீங்க?"

"கை காலெல்லாம் சுருக்கமாம். அட்மிட் பண்ணியிருக்கோம்" என்றாள் வாத்து.

சிரித்தார்கள். ஆனால் மடித்த விரிப்புகளின் எண்ணிக்கை குறைந்தது. அதை ஈடுகட்ட இருவரும் தேநீருக்குப் போவதை விட்டார்கள். ஒரு நாள் சரிந்த விரிப்பை நிறுத்துவதற்காக வாத்து அதன் ஓரத்தைப் பக்கக் கம்பிக்கு அடியில் செருகினாள். துணி அசையாமல் நின்றது. அவளுடைய இரண்டு முனைகளைக் கம்பி பிடித்துக்கொண்டது. கொக்கு தன் பக்கத்தைக் கொண்டுவந்து மேலே போட, வாத்து உள்ளங்கையால் நீவிவிட்டாள். தூக்கவும் இல்லை, உதறவும் இல்லை. ஓரம் ஓரத்தோடு கத்தி மாதிரி சேர்ந்திருந்தது.

இருவரும் அந்த விரிப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"உங்களுக்குள்ள இவ்வளவு மூளை இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, கல்யாணத்துல இன்னும் கொஞ்சம் மரியாதை பண்ணியிருப்பேன்" என்றாள் கொக்கு.

மாதங்கள் போயின. காலையில் வீட்டில் வாத்து சுவரில் விரல்களை ஏற்றுவாள். மருமகள் பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் அத்தை, இன்னும் கொஞ்சம்" என்பாள். வலியில் கண்ணில் நீர் கட்டும். ஒரு நாள் தானே தலையைச் சீவிப் பின்னலும் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். வகிடு கோணலாக இருந்தது. கொக்கு அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கப் பாட்டு முனகினாள். மடிப்பு வேகம் பழைய வேகத்தைத் தாண்டி வெகுநாளாகியிருந்தது. தேநீரும் திரும்பி வந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் வந்தார். காண்ட்ராக்ட் கம்பெனியிலிருந்து, சுத்தமான ஷூவோடு, ஈரத்தில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து. சூப்பர்வைசர் நேராக உருளைக்கே கூட்டி வந்தார்.

"இது யாரோட ஐடியா?"

"எங்க சம்பந்தியோடது சார்" என்றாள் கொக்கு. அவளுக்கு முகமெல்லாம் பெருமை. தோள்வலியைப் பற்றி மூச்சு விடவில்லை. எவனாவது எப்போதாவது அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தால், அந்தச் சந்தேகத்தையும் இன்றே தீர்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அவங்க கெட்டி சார். நான் தண்ணி குடிக்கப் போனாக்கூட ஒத்தையாவே மடிச்சுடுவாங்க."

"அப்படியா? செஞ்சு காட்டுங்கம்மா."

கொக்கு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். வாத்து விரிப்பை இழுத்தாள், ஓரத்தைக் கம்பியில் செருகினாள், சாய்ந்து சாய்ந்து மறுபக்கம் போனாள், மடித்தாள், திரும்பி வந்தாள், நீவினாள். மூன்று விரிப்புகள். மேனேஜர் கை தட்டினார். "ரொம்ப நல்லாயிருக்கும்மா" என்றார். உண்மையாகவே சொன்னார். அன்று மாலை இரண்டு சம்பந்திகளும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே பேசிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் உருளைக்கு வந்து, பார்வையை ஸ்ட்ரெச்சர்மேல் வைத்துக்கொண்டு சொன்னார்.

"மாசப் பிறப்புலேருந்து இங்க ஒரு ஆள் போதும்னு சொல்லிட்டாங்கம்மா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். யாருன்னு… நீங்க சொந்தக்காரங்க. நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க."

உருளையிலிருந்து விரிப்பு வந்துகொண்டே இருந்தது. யாரும் பிடிக்காததால் மடிந்து மடிந்து விழுந்தது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இல்லாத சண்டை அன்று வாத்தின் வீட்டில் நடந்தது. மகனும் மருமகளும் வாசலில் போய் நின்றுகொண்டார்கள்.

"என் கையாலதானே இவ்வளவும் வந்துது. நான் வேலையை விட்டு நின்னுக்கறேன்" என்றாள் வாத்து.

"என் வாயால வந்துது. ஒத்தையா மடிப்பான்னு சொன்னது யாரு? நான்தானே? என் நாக்குல…"

"நான் மாப்பிள்ளை வீடு. நான் சொல்றதை நீங்க கேக்கணும்."

"ஆமா, பெரிய மாப்பிள்ளை வீடு!" கொக்கு எழுந்து நின்றாள். தலை விட்டத்து விளக்கை இடிக்கப் பார்த்தது. "கையைத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குன்னா தூக்கு."

வாத்து தூக்கினாள். கை காதுவரை போயிற்று. அதற்குமேல் நடுங்கியது.

"பாத்தியா? வெளியில எங்க வேலைக்குப் போனாலும் துடைக்கணும், தூக்கணும், ஏறணும். ஒரு நாள்ல கண்டுபிடிச்சிருவாங்க. உன் கைக்குன்னு இந்த உலகத்துல ஒரே ஒரு இடம்தான் செஞ்சு வெச்சிருக்கு. அதை நீயே செஞ்சே. அதை விட்டுட்டு வர்றேங்கறியே, உனக்கு அறிவிருக்கா?"

வாத்து தூக்கிய கையை இறக்க மறந்து நின்றாள். கொக்குதான் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டாள்.

கொக்குக்கு ஒரு பெரிய கடையில் கண்ணாடி துடைக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, உட்கார விடமாட்டார்கள். "உயரத்துக்கு ஏத்த வேலை சம்பந்தி. மத்தவங்க ஏணி கேக்கறாங்க, நான் கேக்கறதில்லை" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்துக்கொள்வாள். பாதம் இரண்டும் வீங்கியிருக்கும். வாத்து எண்ணெய் எடுத்து வந்து உட்காருவாள்.

உருளையின் முன்னால் இப்போது பேச்சில்லை. வாத்து இந்தப் பக்கம் இழுப்பாள், அந்தப் பக்கம் நடப்பாள், மடிப்பாள், திரும்புவாள். சில சமயம் முனையைச் சேர்க்க நெருங்கும்போது எதையோ சொல்ல வாயெடுப்பாள். எதிரே கம்பி இருக்கும்.

ஒரு நாள் மேனேஜர் மறுபடி வந்தார். கூட நாலைந்து பேர், வேறு வேறு ஆஸ்பத்திரிகளின் சலவைக்கூடங்களைப் பார்த்துக்கொள்பவர்கள்.

"இதுக்கு ஒரு ஆள் போதுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"தாராளமா. நம்ம எல்லா இடத்துலயும் இதையே போடப்போறோம்."

மேனேஜர் செல்போனை எடுத்தார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம். கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க."

வாத்து விரிப்பை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம்மா. உங்க கை போட்டோல விழுது."

அவள் கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, முதுகு வெந்நீர்க் குழாயில் சுடும்வரை பின்னால் போனாள்.

"ஆங், அங்கேயே இருங்க" என்றார் அவர்.