யாரும் சொல்லாத வாக்கியம்

நீதிமன்றத்தில் அவளை எல்லோரும் டைப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நீதிபதி மட்டும் "எழுதிக்கோங்கம்மா" என்பார். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில், கூண்டில் நிற்பவரின் மூச்சுக் காற்று மேலே படும் தூரத்தில் அவள் மேசை. பத்தொன்பது வருடமாக, யார் வாயிலிருந்து எது வந்தாலும் அப்படியே தட்டுவதுதான் வேலை. குடும்பச் சண்டை, அடிதடி, கொலை என்று எத்தனையோ வழக்கில் காது கூசும் வசவுகளைக்கூட முகம் சுளிக்காமல் ஏற்றியிருக்கிறாள். "கெட்ட வார்த்தையில எழுத்து சந்தேகம்னா டைப் அக்காகிட்ட கேளுங்க" என்று வக்கீல்கள் கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

பம்ப் மெக்கானிக்கின் வழக்கில்தான் தட்டுவதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

கடவுளை இழிவாகப் பேசினார் என்று வழக்கு. சட்டப்படி ஏழு வருடம், ஜாமீன் கிடையாது. ஆஸ்பத்திரியில் தன் மகள் காய்ச்சலில் இறந்த அன்று, வராந்தாவில் நின்று அவர் ஏதோ கத்தியிருக்கிறார். எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் புகார் கொடுத்தார். மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதோடு பதினான்கு மாதம் ஓடிவிட்டது. வாய்தாவுக்கு வாய்தா அவர் குற்றவாளிக் கூண்டில் வந்து நிற்பார். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். அவர் மனைவி வெளியே பெஞ்சில் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வழக்கை எடுக்க ஆள் இல்லாமல், கடைசியில் ஒல்லியாக ஒரு வக்கீல் பெண் முன்வந்தாள். தொழிலுக்கு வந்து நாலு வருடம்கூட ஆகாதவள். முதல் சாட்சியான மருந்துக்கடைக்காரரிடம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"அவர் என்ன சொன்னார்?"

"சொல்லக் கூடாததைச் சொன்னாரு."

"அது என்னன்னு சொல்லுங்களேன்."

"என் வாயால எப்படிம்மா சொல்லுவேன்? பாவம் வந்து சேராதா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, எழுதியாவது கொடுக்கலாமே?"

"கை விளங்காமப் போயிடும் ஐயா."

அவர் நடிக்கவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கையைச் சட்டென்று எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டதை டைப் அக்கா கிட்டத்தில் பார்த்தாள். 'சொல்லத் தகாத வார்த்தைகள்' என்று தட்டினாள். இரண்டாவது சாட்சியும் மூன்றாவது சாட்சியும் அதையேதான் சொன்னார்கள். அவளும் அதையேதான் தட்டினாள்.

வெளியிலோ, அந்த வார்த்தைகளுக்குக் கையும் காலும் முளைத்துவிட்டன. கடவுள் படத்தின்மேல் துப்பினார் என்றார்கள் கேன்டீனில். செருப்பால் அடித்தார் என்றார்கள் பஸ்ஸில். ஆளுக்கு ஒரு பிடி சேர்த்தார்கள். டைப் அக்காவும் பாதி நம்பித்தான் வைத்திருந்தாள். தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவள் அவள். மெக்கானிக் கூண்டேறும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்ப்பாள்.

நாலாவது சாட்சி, ஆஸ்பத்திரி வார்டைக் கூட்டித் துடைக்கிற அம்மா. சீருடையோடு வந்திருந்தாள். அரை நாள் லீவுதான் தந்தார்களாம், சீக்கிரம் முடியுமா என்று வாசலில் காவலரைப் பிடுங்கியெடுத்துவிட்டாள்.

ஒல்லி வக்கீல் அதே கேள்வியைக் கேட்டாள்.

"அப்படியே சொல்லணுமா?" என்றாள் அந்த அம்மா.

அரசு வக்கீல் எழுந்தார். "வேண்டாம்மா. தப்பாப் பேசினாருன்னு சொன்னாப் போதும்."

"போதுமா? அப்புறம் என்னை எதுக்கு ஐயா கூப்பிட்டீங்க? அன்னைக்குப் பக்கத்துல இருந்தது நான்தானே?" நீதிபதி பக்கம் திரும்பினாள். "பிள்ளைய வெள்ளைத் துணி போட்டு மூடினாங்க ஐயா. இவரு சுவத்துல தலைய முட்டிக்கிட்டாரு. 'கடவுளே, உனக்குக் கண்ணே இல்லையா? உனக்கு ஒரு பிள்ளை இருந்தா இப்படிச் செய்வியா?'ன்னு கத்தினாரு. அவ்வளவுதான். அப்புறம் அவருக்குப் பேச்சே வரல. நான்தான் தண்ணி கொடுத்தேன். அதையும் குடிக்கல."

டைப் அக்காவின் விரல்கள் அதை அப்படியே தட்டின.

"நிறுத்துங்க!" அரசு வக்கீல் பாய்ந்து வந்தார். "இது பதிவாகக் கூடாது ஐயா. திரும்ப எழுதுறதும் அதே குற்றம்தான். அழிக்கச் சொல்லுங்க!"

டைப் அக்கா திரையைப் பார்த்தாள். இரண்டே கேள்விகள். இதற்கா பதினான்கு மாதம்? இரண்டு தடவை கரு தங்காமல் போனபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் புரண்டு அவளும் இதைத்தான் கேட்டாள். சாமிக்குக் கண் அவிந்து போச்சா என்று. பக்கத்துக் கட்டில்காரி வந்து தலையைத் தடவிக் கொடுத்தாளே தவிர, புகார் கொடுக்க ஓடவில்லை.

நீதிபதி அவளைப் பார்த்தார். "பதிவாயிடுச்சாம்மா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார். அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது, ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது. அவர் கண்ணில் அந்தக் கெஞ்சல் தெரிந்தது.

"ஆயிடுச்சு ஐயா."

அழியுங்கள் என்றும் அவர் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. "சாட்சிகிட்ட கையெழுத்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். எதிர்க் கூண்டில் நின்ற மெக்கானிக் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தார். டைப் அக்கா அன்றுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

மறுநாள் தலைமை எழுத்தர் அவளைக் கூப்பிட்டார். "தட்டச்சுப் பிழைன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடும்மா. உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"பத்தொன்பது வருஷத்துல ஒரு பிழை காட்டுங்க சார், எழுதித் தர்றேன்."

வாய் துடுக்காகப் பேசிவிட்டதே தவிர, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தெருமுனையில் இரண்டு பேர் நின்று, கோர்ட்டில் வேலை செய்கிற அம்மா வீடு எது என்று விசாரித்தார்களாம். லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவன் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து நின்றான்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை? கை தவறிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்."

"கை தவறலையேங்க."

"உசுரு போனா வருமா?"

"அவர் என்ன சொன்னார்னு தெரியுமா உங்களுக்கு?"

அவள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். கணவன் மெல்ல வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் பக்கத்தில் இருந்தவன் அவன்தானே. மறுநாளிலிருந்து மாலை ஐந்து மணிக்கு ஸ்கூட்டரோடு நீதிமன்ற வாசலில் வந்து நின்றான். மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அவளைப் பதிவறைக்கு மாற்றினார்கள். கட்டுக்கட்டாகப் பழைய கோப்புகள், தூசி, தும்மல். இதற்கிடையில் ஒல்லி வக்கீல் அந்தச் சாட்சியத்தின் நகலை எடுத்துக்கொண்டு, வழக்கையே ரத்து செய்யக் கேட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போனாள். அங்கே ஒரு நீதிபதி அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "மீதி எங்கே?" என்று கேட்டாராம்.

"மீதி இல்லை ஐயா. இவ்வளவுதான்."

மெக்கானிக்கை விடுதலை செய்தார்கள். சட்டம் அப்படியேதான் இருந்தது. அதே மாதம், அதே குற்றச்சாட்டில், பக்கத்து நீதிமன்றத்தில் ஒரு பள்ளி ஆசிரியரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெளியே வந்த மெக்கானிக்கும் பழைய தெருவில் குடியிருக்க முடியவில்லை. வீட்டுச் சுவரில் தார் பூசியிருந்தார்கள். ஊரைக் காலி செய்வதற்கு முன் அவர் மனைவி பதிவறைக்கு வந்து டைப் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நடந்ததை ஊரே வேற வேற மாதிரி பேசிடுச்சு. நீங்க ஒருத்தர்தான் அவர் சொன்னதை அப்படியே வச்சிருக்கீங்க" என்றாள். மேற்கொண்டு பேச முடியாமல் அழுதாள். டைப் அக்காவும் அழுதாள்.

அவர்கள் போய் ஒரு வாரம் இருக்கும். மருந்துக்கடைக்காரர் வந்து நின்றார். வாசலில் காவலர் இருக்கிறாரா என்று டைப் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"சண்டைக்கு வரலைம்மா" என்றார் அவர். "நாலாவது சாட்சி சொன்ன அன்னைக்கு நான் வரல. மேல் கோர்ட்டுல விட்டுட்டாங்கன்னு சொன்னப்ப, காசு கொடுத்துட்டான்னு நினைச்சேன். அந்தப் பக்கத்தைப் பார்க்கலாமா?"

"நீங்க நேர்ல கேட்டுத்தானே புகார் கொடுத்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கடையில இருந்தேன். சத்தம்தான் கேட்டுச்சு. என்ன சொன்னான்னு வந்தவங்கதான் சொன்னாங்க."

அவளுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. நன்றாக நாலு கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அந்த வழக்கின் கோப்பை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள்.

அவர் விரலை வைத்து, உதடு அசைய, மெல்லப் படித்தார். முடித்ததும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை. திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசும்மா?"

"ஒன்பது."

அவர் பக்கத்தில் கிடந்த கோப்புக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். டைப் அக்கா தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் எடுத்து வரப் போனாள்.