ஓட்டை இல்லாத காலணா

1

இந்தக் கதை எனக்கு ஒரு பழைய ட்ரங்குப் பெட்டியில் கிடைத்தது. பெட்டிக்குள் இல்லை, கைப்பிடியில். வடாலா பழைய சாமான் கடையில் வாங்கிவந்து, ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியைக் கழற்றினால், வாஷர் இருக்கவேண்டிய இடத்தில் 1944-ஆம் வருஷத்து ஓட்டைக் காலணா! யுத்த காலத்தில் வாஷரைவிடக் காலணா மலிவாம். யாரோ ஒரு கெட்டிக்காரர் சர்க்காரையே தனக்கு வாஷர் அடித்துத் தரவைத்திருக்கிறார். அவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘தாராவியில் அன்று மழை...’

(வேண்டாம். பம்பாய் என்றாலே மழையை இழுத்துவந்து விடுகிறோம்.)

இரண்டாவது: ‘அனந்தநாராயணனுக்கு நாணயக் கிறுக்கு.’

இது பரவாயில்லை. வருஷம் 1945. மாதுங்காவில், அண்ணன் குடும்பம் இருக்கும் அதே ஒற்றை அறையில், நடுவே புடவையைத் திரையாகக் கட்டிக் குடித்தனம் நடத்தும் குமாஸ்தா. மனைவி நாகலக்ஷ்மி அந்தத் திரைக்கு இப்பால் மூன்று வருஷமாகக் கிசுகிசுப்பாகவே பேசிப் பழகிவிட்டாள். தனி அறை ஒன்று காலியாகிறது. வீட்டுக்காரர் கேட்கும் பகடிக்கு, அதாவது அறைச் சாவிக்குக் கொடுக்கும் முன்பணத்துக்கு, அவனிடம் நூறு ரூபாய் குறைகிறது.

ஞாயிறு தவறாமல் அவன் தாராவிக்குப் போய், பெட்டி செய்யும் ஜெயினுலாப்தீன் பாயின் வாஷர்க் காலணா டப்பாவைக் கொட்டிக் கிளறுவான். காசில் குட்டியாக ஒரு புள்ளி இருந்தால் பம்பாயில் அடித்தது, எல் எழுத்து இருந்தால் லாகூர், ஒன்றுமில்லை என்றால் கல்கத்தா. அச்சு பிசகியிருந்தால் அவனுக்குச் சாப்பாடு வேண்டாம். எடுக்கும் காசுக்குப் பதில் காசு வைத்துவிடுவான். அதற்குமேல் பாய் ஒரு தம்படி வாங்கமாட்டார்.

3

போன ஞாயிறு பாய் ஒன்றை நீட்டினார். ஓட்டையே இல்லாத ஓட்டைக் காலணா. அச்சு சரி, தேதி சரி, துளை போட மறந்திருக்கிறார்கள். ஃபோர்ட்டில் நாணயம் சேர்க்கும் ஒரு பார்ஸி சேட் அதற்கு நூறு ரூபாய் தருவதாகச் சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை: ‘இது நாணயச்சாலையில் நேர்ந்த பிழை, கைவேலை அல்ல’ என்று அனந்தநாராயணன் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். திங்கட்கிழமை காலைக்குள்.

(எனக்கு விளங்காத இடம் இதுதான். ஒரே செம்பு, ஒரே பிசகு. சர்க்கார் செய்தால் நூறு ரூபாய், தாராவிக்காரர் செய்தால் ஜெயில். விலை காசுக்கா, அதைச் செய்த கைக்கா? மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.)

அனந்தநாராயணனின் மனச்சாட்சி அப்போது

(நிறுத்திவிட்டேன். இந்த வார்த்தை வந்தால் கதை உபன்யாசமாகிவிடும்.)

4

இந்த ஞாயிறு, சேட்டின் கெடுவுக்கு முந்தின நாள்.

“வாங்க சாமி! ஒங்களுக்குன்னே ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன், பாருங்க.”

நடு ஓட்டையைச் செம்பால் அடைத்து, ஓரமாக வேறு ஓட்டை போட்ட காலணா. அனந்தநாராயணன் பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒட்டு தெரியவில்லை.

“பாய், இது நீங்க பண்ணினதா?”

“பெறவு? பாதி வாரம் தேடித் தேடி வெறுங்கையோட போறீங்க. பாக்க எனக்குச் சங்கடமா இருந்திச்சி.”

“அப்போ போன வாரம் குடுத்தேளே, ஓட்டையில்லாதது? அது டப்பால தானா கெடச்சுதா, இல்லே அதுவும் உங்க கைவேலையா?”

(பாயை ஏமாற்றுக்காரராக்கி ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். உட்காரவில்லை. காசின் விலை அவருக்குத் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் ஒரு மனிதனின் முகம் மலர்வதைத்தான்.)

பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். எதிரில் நிற்பவனின் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கும் பயம் வந்துவிட்டது.

“எதச் சொன்னா ஒங்களுக்கு நல்லது சாமி? சொல்லுங்க, அதயே சொல்லுதேன்.”

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அனந்தநாராயணன் கையெழுத்துப் போடுகிறான், நாகலக்ஷ்மி புது அறையில் பால் காய்ச்சி வாய்விட்டுச் சிரிக்கிறாள். இன்னொன்றில் சேட்டிடம் போகாமலே வீடு திரும்புகிறான். மூன்றாவதில் பாய் உண்மையைச் சொல்கிறார். ஆனால் ‘எதச் சொன்னா நல்லது’ என்று கேட்டுவிட்ட மனிதர் இனி உண்மையையே சொன்னாலும் அதை எப்படி நம்புவது? மூன்றையும் அடித்துவிட்டேன்.

அந்த அறை அவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்று உங்களுக்கு ஆசைதானே? எனக்கும்தான். பாய் காத்துக்கொண்டிருக்கிறார். அவரை என்ன சொல்லச் சொல்லட்டும்?