இந்துமதி ஊற்றும் தண்ணீர்

பொங்கலூர் பக்கம் கிட்டுசாமி என்பவருக்குத் தண்ணீர் நிற்காது. சொம்பை வாயருகே கொண்டுபோனால் சொம்பு காய்ந்துவிடும். அவருடைய தம்பி தங்கதுரையின் பதினாறாம் நாள் காரியத்தில் இது தொடங்கியது. எள்ளும் தண்ணீரும் இறைக்கக் கையை நீட்டினார். மூன்று முறை ஊற்றியும் உள்ளங்கையில் எள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் தம்பிக்குப் பொதுவாக ஒரே போர்வெல், ஆயிரத்து இருநூறு அடி. ஒருவருக்கு ஒரு நாள் என்று முறை. வீரபாண்டி சாயப்பட்டறைக்கு டேங்கர் லாரி ஓட ஆரம்பித்ததும், கிட்டுசாமி தம்பியின் முறையிலும் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை விற்றார். தென்னை காய்கிறதே என்று வால்வை மூடப் போன தங்கதுரை பிணமாகத்தான் வந்தான். கால் இடறிக் குழாயில் மண்டை மோதிவிட்டது என்றார் அண்ணன். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனது. தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

மனைவி மாரக்காள் ஊட்டிப் பார்த்தாள். இளநீர் வெட்டினார்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டினார்கள், ஊசி குத்தியதும் பாட்டில் காலி. நாலாம் நாள் நாக்கு வெடித்து, தம்பி மனைவி இந்துமதியின் வாசலில் போய் விழுந்தார். தண்ணி என்று கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியுமா அவளுக்கு? பாவி மக, ஊற்றினாள். நின்றது. அவள் கையால் ஊற்றினால் மட்டும் நின்றது!

மறுநாள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “அவரைக் கொன்னது யாருங்க மாமா?”

ஊரே வேலியோரம் நின்றது. அவள் சொம்பைக் கவிழ்த்திருந்தாலும் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம்.

“நாந்தான் கண்ணு. ஸ்பேனர்ல அடிச்சுப்போட்டேன். ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிடறேன்.”

“ஜெயில்ல உங்களுக்கு யாருங்க தண்ணி ஊத்துவாங்க? நீங்க செத்துட்டா நான் யாரைப் போய்க் கேக்கறதுங்க? குடிங்க.” அழுதுகொண்டேதான் ஊற்றினாள்.

ஆறு வருடமாகிறது. போர்வெல் ஆயிரத்தைந்நூறுக்கு இறங்கிவிட்டது. லாரியை மறித்துப் பக்கத்து ஊர்களில் இன்னும் இரண்டு பேர் செத்துப்போனார்கள். இந்துமதி தினமும் மூன்று வேளை கேட்கிறாள், கிட்டுசாமி பதில் சொல்லிவிட்டுக் குடிக்கிறார். அவள் வெளியூர் போனால் அவரும் பின்னாலேயே போயாக வேண்டும். போன தை மாசம் அவிநாசியில் ஒரு கல்யாணம். பந்தியில் தண்ணீர் வைக்கிறவர் அவருடைய டம்ளரை அடுத்த இலையில் இருந்த இந்துமதியிடம் கொடுத்தார். அவள் கேட்டாள். “நாந்தான் கண்ணு” என்று சொல்லி அவர் குடித்தார். ரசம் ஊற்றுகிறவர் அதுவரை பொறுத்திருந்து, ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.