கீழ்வீட்டுக்கு வைத்த கெடு

கோமதிசங்கரின் இரண்டு முட்டியும் அரிசி ஆலையில் மூட்டை சுமந்தே தேய்ந்துபோனவை. வண்ணார்பேட்டையில் அவர் கட்டிய வீட்டில் மாடியில் அவர் இருந்தார். கீழே நூர்முகம்மது வாடகைக்கு இருந்தான். படி ஏறி இறங்குவதை விட்டால்தான் நடை மிஞ்சும் என்று டாக்டர் சொன்ன பிறகு, கீழ்வீட்டைக் கேட்பதைத் தவிர வழியில்லை. மாச வாடகைக்காரருக்குப் பதினைந்து நாள் முன்னால் எழுதிக் கொடுத்தால் சட்டத்துக்குப் போதும் என்றார் வக்கீல். மனசு கேட்காமல் இவர் ஒரு மாதம் கெடு எழுதினார். நூர்முகம்மது வாங்கிப் படித்துவிட்டு, "மொதல்ல ஒங்க காலப் பாருங்க அண்ணாச்சி, எனக்கு வீடா கெடைக்காது" என்று சிரித்தான்.

அடுத்த வாரமே, வேலையிடத்தில் தான் சரக்கு ஏற்றிய லாரியோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அவன் மனைவி சித்தி ஜனாபா இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் அவன் வாழ்ந்த வீட்டிலேயே, நாலு மாதத்துக்கு மேல், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். கதவில் கனத்த திரை தொங்கியது. கோமதிசங்கர் கெடுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தார். அதை அவளிடம் சொல்லாமல் விட்டதுதான் தப்பாகிப் போனது.

கெடு முடிகிற மாதக் கடைசியன்று காலையில் கீழே பாத்திரம் உருளும் சத்தம். கம்பியைப் பிடித்துப் பைய இறங்கி வந்து பார்த்தால் வாசலில் சாமான் ஏற்ற குட்டியானை வண்டி நிற்கிறது. அவள் தம்பி சிராஜுதீன் கட்டில் காலைக் கழற்றிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் இத்தாவில் இருப்பவள் இடம் மாறலாம் என்று மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்டாயிற்றாம். அக்காள்தான், மச்சான் இருந்த வீட்டிலேயே முடிக்க முடியவில்லையே என்று அழுதுகொண்டிருக்கிறாளாம்.

கோமதிசங்கர் திரைக்கு இப்புறம் நின்றார்.

"தங்கச்சி, நா எழுதிக் கொடுத்தது நூருக்கு. ஒனக்கு இல்ல. இத்தா முடியட்டும், பொறவு பேசுவோம்."

திரைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"ஒங்க காலு, அண்ணாச்சி?"

"மூட்டையா தூக்கப் போறேன்? என்னய நானேதான மாடிக்குத் தூக்கிட்டுப் போவணும்."

உள்ளே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அது அழுகையா சிரிப்பா என்று இவருக்குத் தெரியவில்லை.

சிராஜுதீன் வண்டியை அனுப்பிவிட்டுக் கட்டில் காலைத் திரும்ப மாட்டினான். இவர் மாடிக்குத் திரும்பினார். சில படி ஏறுவதற்குள் முட்டி பிடித்துக்கொண்டது. கம்பியில் சாய்ந்து நின்றபோது, அவள் தம்பியிடம் ஏதோ சொல்வது காதில் விழுந்தது. நூர்முகம்மது வாசலில் போட்டு உட்கார்ந்துவந்த மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சிராஜுதீன் இவரைத் தாண்டி ஏறினான். படி திரும்புகிற இடத்தில் அதைப் போட்டான்.

"இது இங்கனயே கெடக்கட்டும் அண்ணாச்சி. பாதியில உக்காந்துட்டுப் போவச் சொல்லுதா அக்கா."

கோமதிசங்கர் அதுவரை ஏறிப்போய் உட்கார்ந்தார்.