முன் சீட்டு

மரியரட்ணம் வாங்கிய பழைய ஒஸ்டின் காரின் சீட்டுகளில் கம்பிச்சுருள்கள் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஹற்றன் ஸ்டேசனுக்கு வெளியே நிற்கும் ஹயர் கார்களில் அவனுடைய காரில் மட்டும் ஆட்கள் ஏறுமுன் குனிந்து உள்ளே பார்த்தார்கள். ஒரு கல்யாணக்காரப் பெண்ணின் பட்டுச்சேலை மாட்டிக் கிழிந்தது. அவளுடைய அம்மா ரோட்டில் நின்று திட்டியதைப் பஜாரே வேடிக்கை பார்த்தது. அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை. அவன் மனைவி பவுலின்தான் சொன்னாள், "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்" என்று.

பவுலினின் அண்ணன் றோலண்ட் பஜாரிலேயே ஒரு கராஜில் வேலை பார்த்தான். அவனே நாவலப்பிட்டிப் பக்கம் உடைசலுக்கு விட்டிருந்த ஒரு ஹில்மன் காரிலிருந்து சீட்டுகளைத் தேடிப் பிடித்தான். சிவப்புத் தோல், எங்கும் கிழிசல் இல்லை. மரியரட்ணம் அவற்றைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"இன்னைக்கே மாட்டிரலாமா மச்சான்?"

"மாட்ட முடியாது. இது வேற காருக்குச் செஞ்ச சீட்டு, காலு ஒத்து வராது. ஓங்க காரு தர எல்லா எடத்திலயும் ஒரே மாதிரி இல்ல. முன்பக்கம் துருப்புடிச்சு அப்பளமாட்டம் இருக்கு. நல்ல இரும்பு இருக்கிற எடமாப் பாத்து, அடியில கனமான தகடு குடுத்துத்தான் முடுக்கணும்."

"அப்புறம் ஓட்டலாம்ல?"

"அப்புறம் காரு சோதிக்கிற எக்ஸாமினருக்குக் காட்டணும். சீட்ட மாத்திட்டு காட்டாம ஹயர் ஓடினா, நாளைக்கு ஏதாவது ஒன்னு ஆச்சுன்னா ஒருத்தரும் ஓங்க பக்கம் பேச மாட்டாங்க."

தகடு வெட்டி வரும்வரை கார் கராஜிலேயே கிடந்தது. ஓட்டமில்லாத அந்த நாட்களில் மரியரட்ணம் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தான். ஆனால் எக்ஸாமினர் சீட்டைப் பிடித்து உலுக்கி, காருக்கு அடியிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டிரைவரோடு சேர்த்து ஐந்து பேர் போகலாம் என்று எழுதிக் கொடுத்தபோது, மச்சானின் தோளில் கை போட்டுக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனான். பவுலினுக்கு அந்த நாள் நிறைந்திருந்தது. புருசனும் அண்ணனும் ஒரே மர வாங்கில் உட்கார்ந்து சிரித்ததை அதற்கு முன் அவள் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பு அடுத்த மழைக்காலம் வரைக்கும் நீடித்தது. ஸ்டேசனில் புதிதாக ஒரு பெரிய கார் வந்து நின்றது. அதில் ஏழு பேர் ஏறினார்கள், அதனால் ஆளுக்குக் கூலி குறைந்தது. மரியரட்ணத்தின் சிவப்புச் சீட்டுகள் காலியாகக் கிடந்தன. அவன் மறுபடியும் கராஜுக்குப் போனான். முன்னால் இடப்பக்கச் சீட்டை இன்னும் முன்னுக்குத் தள்ளினால், அதன் பின்னால் குறுக்கே ஒரு பலகை போட்டு ரெண்டு பேரை உட்கார வைக்கலாம் என்றான்.

"தள்ளுற எடத்திலதான் துரு இருக்குன்னு சொன்னேன்ல," என்றான் றோலண்ட். "நான் செய்ய மாட்டேன் மச்சான். வேற யாரையும் செய்ய விடாதீங்க."

"நீ மாசச் சம்பளக்காரன். ஒனக்கென்ன."

அந்த வாரமே ஒரு மழை மத்தியானம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரைக்கடியில் காரை நிறுத்தி, மரியரட்ணம் தானே வேலையைத் தொடங்கினான். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பவுலினைக் கூப்பிட்டான். மேலே போல்ட்டின் தலை சுற்றாமல் ஸ்பானர் சாவியால் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"அண்ணன் வேணாமின்னு சொன்னாங்களே?"

"ஒங்கண்ணனா நம்ம வீட்டு அடுப்ப எரிக்கிறான்? புடி."

அவள் பிடித்தாள். கீழிருந்து அவன் முடுக்க முடுக்கத் தகரம் லேசாக நெளிந்தது. அதை அவள் பார்த்தாள். "ஆட்டிப் பாரு" என்றான். ஆட்டினாள். ஆடவில்லை. அவளும் அதையே சொன்னாள். தகடுகளைக் கழற்றியவன் மறுபடி அவற்றைப் போடவில்லை. புது இடத்துக்கு அவை பொருந்தவில்லை.

கொஞ்ச காலம் கார் நன்றாகத்தான் ஓடியது. ஒரு சனிக்கிழமை, பவுலின் பிறந்த தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ராக்காயி முன் சீட்டில் உட்கார்ந்து நாவலப்பிட்டிக்குப் போனாள். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பின்னால் பலகையோடு சேர்த்து ஐந்து பேர். கினிகத்தேனைக்கு இறங்கும் வளைவில் விறகு லொறி ஒன்று பழுதாகி நின்றது. மரியரட்ணம் பிரேக்கை மிதித்தான். கார் நின்றுவிட்டது. ஆனால் பின்னாலிருந்தவர்களின் பாரம் மொத்தமும் முன் சீட்டில் மோத, சீட்டு தரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு முன்னே போனது. ராக்காயியின் இடுப்பு டாஷ்போர்டுக்கும் சீட்டுக்கும் நடுவில் நசுங்கியது.

போலீஸ் வருமுன் மரியரட்ணம் குறுக்குப் பலகையைக் கழற்றிப் பள்ளத்தில் எறிந்தான். வந்த சார்ஜனிடம், "சீட்டு பூட்டினது ஹற்றன் கராஜ் றோலண்ட் சார். எக்ஸாமினர் பார்த்த சீட்டுதான். உள்ளுக்க என்ன வேல செஞ்சானோ, நான் டிரைவர், எனக்கென்ன தெரியும்" என்றான். முழுப் பொய் என்றும் தள்ள முடியாத பேச்சு. யாரும் குனிந்து காருக்கு அடியில் பார்க்கவில்லை.

றோலண்டைக் கராஜிலிருந்து எல்லோரும் பார்க்கக் கூட்டிப்போனார்கள். நான் போட்ட இடத்தில் சீட்டு இல்லை என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. வாக்குமூலம் எழுதி எடுத்துக்கொண்டு வெளியே விட்டார்கள். கராஜ் முதலாளி அதற்குள் அவனை நிறுத்திவிட்டார். அவனுக்குப் பேசி முடித்திருந்த சுகிர்தத்தின் வீட்டில், இப்போதைக்கு வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள்.

வீட்டில் மரியரட்ணம் குரலை உயர்த்தாமல் சொன்னான்: "அவன் தனி ஆளு, எங்கயும் பொழச்சுக்குவான். எனக்கு லைசன் போனா இந்த ரெண்டு புள்ளைங்களும் என்ன செய்யும்? நீயே சொல்லு."

பிள்ளைகள் அடுப்படியில் ரொட்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை பவுலின் மாதா கோயில் பூசைக்குப் போனாள். றோலண்டும் வந்திருந்தான். பக்கத்து வாங்கில் உட்கார்ந்து, ஒரு தரம் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலில் நின்றாள்.

மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு ராக்காயியைப் பார்க்கப் போனாள். இடுப்பிலிருந்து கால்வரை கட்டுப் போட்டிருந்தார்கள். இனி மலை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பவுலின் கொண்டுபோன ஒரஞ்சை ராக்காயி வாங்கவில்லை.

"ஒங்கண்ணன் கை அழுகிப் போகும் பவுலினு. சீட்டா பூட்டினான் அவன்? நாசமாப் போவான். அவன் வம்சம் வெளங்காது."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா."

"ஏன் சொல்லக் கூடாது? ஒனக்கு அண்ணன். எனக்கு யாரு?"

பவுலின் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். பிறகு வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டுப் போலீசுக்கு நடந்தாள்.

பஜாரில் பழகிய சிங்களத்தில், கிடைத்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு, சார்ஜனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சாவியைப் பிடித்தது தன் கை என்பதையும் சொன்னாள். அவர் நம்பாமல் பார்த்தார். "காருக்கு அடியில பாருங்க ராலாமி. அண்ணன் போட்ட ஓட்டை பின்னால தள்ளி, நல்ல இரும்புல, பிய்யாம அப்படியே இருக்கும்" என்றாள். அவர் பார்த்தார். இருந்தது.

மரியரட்ணத்துக்கு லைசன் போனது, ஜெயில் மறியலும் கிடைத்தது. கார் மழையில் நின்று, கடைசியில் உடைசல்காரன் கைக்குப் போனது. வீட்டில் கூட இருந்த பவுலினின் மாமியார், "கட்டினவனைக் காட்டிக் குடுத்தவ" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்கு மூட்டை கட்டினாள். பவுலின் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவரைக்கப் போனாள். ராக்காயியின் பேரைத் தோட்டத்து வேலைக் கணக்கிலிருந்து வெட்டினார்கள், அவள் இருந்த லயத்துக் காம்பராவையும் காலி பண்ணச் சொன்னார்கள். யார் செய்த பிழை என்று தெரிந்ததில் அவளுக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.

றோலண்டைக் கராஜ் முதலாளி மறுபடி கூப்பிடவில்லை. அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டாயிற்று என்றார். சுகிர்தத்துக்கும் தலவாக்கலையில் வேறு இடம் பேசியாயிற்று. அவன் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று பவுலின் ஸ்டேசனுக்கு ஓடினாள். சாப்பாடு கட்டிக் கொண்டுபோயிருந்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"அண்ணே, நான் சொல்லிட்டேன்ல," என்றாள்.

"சொன்ன. அதை இல்லன்னு சொல்லல." அவன் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். "போலீசுல அடிச்சது வலிக்கல பவுலின். அந்த ஞாயித்துக்கிழம கோயில்ல நான் ஒன்னத் திரும்பிப் பாத்தேன். நீ முக்காட்ட இழுத்துக்கிட்ட. அது போக மாட்டேங்குது."

அவள் ரயில் கதவின் கம்பியைப் பிடித்தாள். அவன், "புள்ளைங்கள பாத்துக்க" என்று ஏறிவிட்டான். கடிதம் போடுவதாகச் சொல்லவில்லை, போடவும் இல்லை.

மறியலிலிருந்து வந்த மரியரட்ணம் லொறி ஒன்றில் சாமான் ஏற்றி இறக்கப் போனான். பவுலினோடு பேசுவதில்லை. வேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்வான், அவை அவளிடம் சொல்லும். அவள் தட்டில் போட்டு வைப்பாள். கூடப் போட்டால் மிச்சம் வைப்பான், குறைத்துப் போட்டால் அப்படியே எழுந்து கை கழுவுவான்.